பூச்சிகளுக்கு ஒரு மாற்று வீடு

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, பூதக்கண்ணாடியுடன் கொய்யா மரத்தடிக்குப் போய்விடுவது என் வழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குப் பூதக்கண்ணாடிக்கா பஞ்சம்? ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பேன்.

"என் முகத்த ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

அவள் முகத்தில் மாவுப்பூச்சி வந்ததில்லை, மரத்தில் வந்தது. இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டாகத் தொடங்கி, ஒரே மாதத்தில் நான்கு கிளைகளை முடக்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் அடித்தால் செத்துவிடும் என்றார் செடி விற்பவர். நீங்கள் என்னைத் தவறாக எண்ணக் கூடாது. நான் ஓர் உயிரையும் கொல்பவன் அல்லன். கொசுவைக்கூட விசிறித்தான் விரட்டுவேன். ஆகவே அந்த நான்கு கிளைகளையும் பதமாக அறுத்து, பக்கத்து வீட்டுத் தையற்காரப் பெண்ணின், சுவருக்கு அப்பால் நின்ற கொய்யா மரக் கவட்டில் செருகி வைத்தேன்.

மனைவி சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏங்க, பூச்சிக்கு வாடகை வீடு பாத்துக் குடுக்கறீங்களா?"

"அதுவும் உசுருதானே? பாவம்."

"அந்தப் பொண்ணு மரத்தடியில மிஷின் போட்டுத்தான் பொழைக்குது. அது பாவமில்லையா?"

அவள் எப்போதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

பூச்சிகளுக்கு வாய் இருந்திருந்தால் என்னை வாழ்த்தியிருக்கும். புது வீட்டில் அவை குலம் பெருக்கின. என் மரம் துளிர்த்தது. இரண்டாம் மாதம் அந்தப் பெண் சுவரோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க மரம் மட்டும் மாப்பிள்ளையாட்டம் நிக்குது. என்னுது நரைச்சுப் போச்சே. என்ன பண்ணலாம்?"

சோப்புத் தண்ணீர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கொலைக்கு வழி சொல்வதும் கொலைதான். தவிர, தப்பிப் பிழைத்தவை பழைய வீட்டை நினைத்துத் திரும்பிவிட்டால்?

"வெட்டிடும்மா. வேற வழியில்ல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே."

அரிவாள் என்னுடையது. வெட்டியதும், கட்டையைப் பூச்சியோடு எரித்ததும் அவள். அந்தப் பாவம் என்னைச் சேராது.

நிழல் போனபின் அவளால் வெயிலில் உட்கார முடியவில்லை. சன்னலில்லாத ஒற்றை அறைக்குள் இயந்திரத்தை இழுத்துப்போய், மங்கலான விளக்கடியில் தைத்தாள். ஊசி இருமுறை விரலுக்குள் இறங்கியது. ஒரு நாள் கட்டுப் போட்ட விரலால் கண்ணைக் கசக்கியபடி என் கடைக்கு வந்தாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. நம்மால் ஒருவருக்குக் குறை நேர்ந்தால் ஈடு செய்வதே மனிதத் தன்மை. கண்ணைச் சோதித்து, என் கையாலேயே கண்ணாடி தேய்த்து, இருப்பதில் நல்ல சட்டத்தில் பொருத்தி, இலவசமாகவே கொடுத்தேன்.

"கோடிப் புண்ணியம்ணே. தையல் நல்லாத் தெரியுது. நிமிந்து பாத்தாத்தான் எல்லாம் மங்கலா இருக்கு."

"தைக்கிறவளுக்குக் கிட்ட இருக்கறது தெரிஞ்சாப் போதும்மா. கழட்டாமப் போட்டுக்க" என்றேன்.

என் மரம் இவ்வாண்டு கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. அதைப் பார்த்து அவள் மனம் வருந்த வேண்டாமே.