மழையில் நனையாத நீதிபதி

ஒருவர் தம் கடமைக்காக ஏற்கும் ஆபத்தில் அருகில் வாழ்பவர்களும் பங்கேற்க வேண்டுமா? தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோ நகரில் ஒரேத்தோ வீதிக்குச் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த இரு தமிழ்ப் பெண்களின் பேச்சு இக்கேள்வியை என்னுள் எழுப்பியது.

“நான் வேலை செய்யிற வீட்டு நீதவான் மூண்டு வருசமா மழையில நனையேல்லையாமடி,” என்றார் மூத்தவர்.

“குடை இருந்தா ஆர்தான் நனையிறது, மரியக்கா?” என்றாள் இளையவள்.

“பகிடி விடாதை. முந்திக் கிராமத்துக் கோர்ட்டில எலுமிச்சைத் தோட்டத்து வேலி வழக்குகள் கேட்டவராம். சைக்கிளிலதான் போய் வாறவராம். மாபியா வழக்கை எடுத்த நாளிலயிருந்து சுத்திவரத் துவக்கோட பொலிஸ், வாசலிலயிருந்து வாசலுக்குக் கார்தான். அவரின்ர தோய்ச்ச சேட்டுகளையும் பால்கனியில காயப் போடக்கூடாது. ஆள் வீட்டில நிக்குது எண்டு தெரிஞ்சிடுமாம்.”

“அதுதானே உங்கட மனுசன் வேலையை விடச் சொல்லுறார். இண்டைக்காவது நீதவானிட்டைச் சொல்லுங்கோ.”

“நேற்றே சொல்லப் போனன். அவர் முந்திக்கொண்டு, ‘மரியா, உனக்குப் பிள்ளையள் இருக்கு, இனி வராதை’ எண்டார். சொல்லிப்போட்டுத் தானே சேட்டு அயன் பண்ணத் தொடங்கி, கையைச் சுட்டுப்போட்டார்.”

“ஐயோ! பிறகு?”

“அயன் பெட்டியைப் பறிச்சன். வழக்கு முடியுமட்டும் நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“வீட்டில அண்ணைக்கு என்ன சொல்லப் போறியள்?”

“அவருக்கு நீ சொல்லு.”

எங்கள் கட்டடத்தில் ஒரு நீதிபதி குடிவந்தால் எங்களுக்கும் ஆபத்து என்று அயலவர்கள் எழுதிய மனுவில் கையொப்பமிட அதுவரை நினைத்திருந்தேன். பிறகு கையொப்பமிடவில்லை.