கொதிகலன் கூடத்துக்குப் போகும் கயிறு

பனிப்புயல் வரப்போகிறது என்று தெரிந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அதை நீங்கள் பார்த்ததில்லை, சார். புயல் ஓய்ந்த பிறகுதான் உங்கள் ஹெலிகாப்டர் வந்தது. முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அடுத்த வீட்டு ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டிக் கொடுப்பார்கள். ஏரியில் ஐஸ் வெட்டி வந்து, குடிதண்ணீருக்கு வாசல்தோறும் அடுக்கி வைப்பார்கள். குட்டி போட்ட நாயை யாராவது சமையலறைக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வைப்பார்கள். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடிக்கும்.

கதவைச் சாத்திவிடுங்கள். குளிருக்காக இல்லை. நான் இங்கே இருப்பது ரோடியோனுக்குத் தெரியக் கூடாது.

பள்ளிக்கூடச் சாமான் அறையில் எத்தூகி மாமாவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். காலையில் ஹெலிகாப்டரில் கூட்டிப் போய்விடுவீர்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கயிறு கட்டுவது அவர் வேலை. அவருக்கு வலது கையில் மூன்று விரல்களுக்கு நுனி கிடையாது, வாலிபத்தில் குளிர் தின்றுவிட்டது. அந்தக் கையால் முடிச்சை மாற்றிப் போட்டுவிட்டார், அதனால் என் அக்கா செத்தாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். "முடிச்சு என்னுது, தப்பும் என்னுது"ன்னு உங்களிடம் சொன்னாராமே. அவர் அப்படித்தான். ஆனால் அவர் கை தப்புப் பண்ணாது.

அந்த முடிச்சைப் போட்டது நான்.

கயிற்று விஷயம் உங்களுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். புயல் அடிக்கும்போது வெளியே வந்தால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்கள் கட்டட வாசலில் இருக்கும் இரும்புக் கம்பியிலிருந்து கயிறு இழுத்திருப்போம். எல்லா வீட்டுக் குழாய்க்கும் வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடத்துக்குப் போகும் கயிற்றில், வாசலை ஒட்டி ஒரு முடிச்சு. கடைக்குப் போவதில் இரண்டு. கையுறை போட்ட கையால் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மூன்றாவதாக ஒரு கயிறு கடற்கரைக்குப் போகும். அதில் முடிச்சே இருக்காது. அது நேராக மேட்டு விளிம்புக்குப் போய், செங்குத்தாகக் கீழே இறங்கி, படகுகள் கிடக்கும் இடத்தில் முடியும். வெயில் நாளில் வேட்டைக்காரர்கள் அதைப் பிடித்துத்தான் இறங்குவார்கள். புயலுக்கு முன்னால் அந்தக் கயிற்றை மட்டும் கட்டாயம் அவிழ்த்து உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். தெரியாமல் யாராவது பிடித்துக்கொண்டு போனால் விளிம்புக்கு அப்புறம் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

இந்தத் தடவை அதை அவிழ்க்கும் வேலை என்னுடையது.

மாமா படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஏ தமாரா, கரைக் கயித்த அவுத்துட்டியா?"

"அவுத்துட்டேன் மாமா."

"எங்க வச்ச?"

"படிக்குக் கீழ சுருட்டி வச்சிருக்கேன், பாருங்க."

"நான் எங்க குனிஞ்சு பாக்குறது? பொய் சொன்னியோ, மூக்கு உறைஞ்சு உதுந்துரும். அப்புறம் ஒன்ன எவன் கட்டுவான்?"

"மூக்கில்லாதவன் எவனாவது வருவான் மாமா."

சிரித்தார். நானும் சிரித்தேன். படிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தது பழைய வலைக் கயிறு. மாமா அடுத்த கட்டடத்துக்குப் போன பிறகு, கொதிகலன் கயிற்றில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கரைக் கயிற்றில் போட்டேன். பனியில் இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் இளக்க முடிந்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு முடிச்சை ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

அது ரோடியோனுக்காக. அவர் என் அக்கா அன்ஃபீசாவின் புருஷன். கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலை. ஊரையே சூடாக வைத்திருப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. அம்மா போன பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் அடிப்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. சுவர் மெலிசு. ஒரு தடவை கரி கிளறுகிற கம்பியால் அடித்ததில் அக்காவுக்கு விலா எலும்பு உடைந்தது. இன்னொரு தடவை அவள் கையைச் சூட்டுக் குழாய்மேல் வைத்து, தோல் ஒட்டிக்கொள்ளும் வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தார். மறுநாள் அவளைக் கடையில் பார்த்தவர்கள், "குழாயில பாத்துக் கைய வைக்கக் கூடாதா அன்ஃபீசா"ன்னு கேட்டார்கள். "தூக்கக் கலக்கம்"னு சொல்லி அவளும் சிரித்தாள்.

என் விரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போதே இப்படி வளைந்திருக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஹெலிகாப்டரில் இடம் கேட்டு வைத்தேன். யாருக்கும் தெரியாது, அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே அவள் ரோடியோனிடம் சொல்லிவிட்டாள். அவர் என் கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவசரமே படாமல் சாத்தினார். அக்கா அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் நகந்துக்கடி, அவருக்கு டீ ஆறிடும்"னு சொன்னாள்.

அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பயத்தில் செய்தாள். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

புயல் அன்று மத்தியானம் ஆரம்பித்தது. இருட்டியதும் ரோடியோன் வேலைக்குப் போக வேண்டும். கொதிகலன் கூடத்தில் பகல் வேலையில் இருந்த ப்ரோகோர் அவர் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். என்னை வாசல் காவலுக்குப் போட்டிருந்தார்கள். வாசல் காவல் என்றால் உள்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிக் கம்பியைச் சுற்றி உள்ளே வரும் கயிறுகளின் நுனியை மடியில் வைத்திருக்க வேண்டும். வெளியே போனவர் விழுந்துவிட்டால் கயிற்றை வெட்டி வெட்டி இழுப்பார். உடனே நான் பக்கத்தில் தொங்கும் இரும்புத் தண்டில் சுத்தியலால் தட்ட வேண்டும். எல்லா வீட்டு ஆண்களும் இறங்கி வந்துவிடுவார்கள். அப்படி எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

நான் கீழே இறங்கி வரும்போது ரோடியோன் குடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், பாட்டில் முக்கால்வாசி காலியாகியிருந்தது. ஆனால் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்க முடியாத நாட்களில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்காதான் வேலைக்குப் போவாள். ஊருக்குத் தெரியாது, ப்ரோகோருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "அவர் போகலன்னா தீ அணையும்டி. அணைஞ்சா எல்லார் வீட்டுக் குழாயும் வெடிச்சுரும். பச்சக் கொழந்தைங்க இருக்குற வீடு"ன்னு சொல்வாள். அந்தப் பாழாய்ப்போன கரியைத் தள்ளித் தள்ளி அவள் தோள் ஆம்பளைத் தோள் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் தினமும் அப்படி நடக்காது. அன்றைக்கு நடக்கும் என்று நான் நினைப்பதற்கு என்ன காரணம்?

மாடியிலிருந்து ரோடியோனின் கோட்டு இறங்கி வந்தது. தொப்பி புருவம் வரைக்கும், துணி மூக்கு வரைக்கும். ஒரு பேச்சும் இல்லை. நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வெளிக்கதவு திறந்தது, பனி உள்ளே கொட்டியது, கையுறை கயிறுகளைத் தடவியது, முடிச்சைக் கண்டுபிடித்தது, போய்விட்டது. என் மடியில் கரைக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரே இழுப்பாக இழுத்து விறைத்துக்கொண்டது.

இழுப்பு உடனே நிற்கவில்லை. அதைத்தான் நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கீழே விழுந்தும் உயிர் இருந்திருக்கிறது. கால்தான் உடைந்திருந்தது என்று நர்ஸ் சொன்னார்களே. வெட்டி வெட்டி இழுப்பு வந்தது. இரும்புத் தண்டு என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தட்டுகிற சுத்தியலை எடுத்து, காலுக்குக் கீழே வைத்து, மேலே காலை வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இழுப்பு மாறியது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. சின்ன வயதில் அக்கா கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் நூல் கட்டி வைத்திருந்தோம். அம்மா தூங்கிய பிறகு அவள் இழுப்பாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. முழிச்சிருக்கியா என்று அர்த்தம். நானும் அதே மாதிரி இழுத்துப் பதில் சொல்வேன்.

காற்று கயிற்றை எப்படி வேண்டுமானாலும் இழுக்கும், சார். அந்தக் காற்றைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

நான் பதிலுக்கு இழுக்கவில்லை. கயிறு தானாக நிற்கும் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தூங்கினேன் என்று நினைக்கிறேன். எழுந்ததும் கரைக் கயிற்றில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வெளியே போகாமல் விட்டுவிட்டேன். மாமாவை நீங்கள் பிடித்துக்கொண்டு போனது அதனால்தான். அது மட்டும்தான் என் தப்பு.

கொதிகலன் அணையவில்லை. யாரும் வராததால் ப்ரோகோரே புயல் முழுக்கத் தீயைப் பார்த்துக்கொண்டார். ஒரு வீட்டுக் குழாய்கூட வெடிக்கவில்லை.

நான் மாடிக்குப் போனபோது சமையலறை மேசையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ரோடியோன் எழுந்தார். "எங்கடி அவ? டீ போடச் சொல்லு"ன்னார்.

அவரைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயமே தெரியும். சத்தியமாக அப்போதுதான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்தார். அவர் கழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தது, ரொட்டி அறுக்கிற கத்தியும் இருந்தது. ஆனால் எனக்குக் களைப்பாக இருந்தது.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. கோட்டுக்குள்ளே இருப்பது யார் என்று அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையா என்றுதானே. தெரியவில்லை. வெளியே போவதற்கு முன்னால் அந்தக் கை என் கழுத்துத் துணியைப் பிடித்து, தாடை வரைக்கும் மேலே இழுத்து, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டது. அதற்குப் பிறகு என் வளைந்த விரலைக் கொஞ்ச நேரம் கையுறைக்குள் பொத்தி வைத்திருந்தது. ரோடியோன் அதுவரைக்கும் என்னை அடிக்க மட்டும்தான் தொட்டிருக்கிறார். நான்தான் சொன்னேனே சார், புயல் வரப்போகிறது என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.