கம்ப்யூட்டரில் அடித்த முருகா

திருப்பரங்குன்றம் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கப்பலூர் கம்பெனியில் டைப் அடிக்கிறவர்கள்.

“அம்மா இப்ப கஞ்சி குடிக்குதுடி. ஆபரேசன் அன்னைக்குக் கம்ப்யூட்டர்லதான் முருகன வேண்டுனேன்” என்றாள் ஒருத்தி.

“கம்ப்யூட்டர்லயா?”

“லீவு கேக்கப் பயம். கை சும்மா இருந்தா கம்ப்யூட்டரே மேனேஜருக்குக் காட்டிக்குடுத்துரும்ல? ‘முருகா’ன்னு நூத்தியெட்டு தடவ அடிச்சு, அழிச்சுட்டேன்.”

“கிறுக்கி! அழிச்சாலும் அடிச்சத எல்லாம் உள்ள ஒரு புரோகிராம் பிடிச்சு வச்சுக்குமே!”

“அது தெரியாமப்போச்சு. மேனேஜர் கூப்பிட்டாரு. வேல போச்சுன்னு நெனச்சு, அம்மா ஆபரேசனச் சொல்லிட்டேன். ‘நூத்தியேழுதாம்மா இருக்கு. மிச்சத்தையும் அடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு’ன்னாரு.”

“அடிச்சியா?”

“ரெண்டு அடிச்சேன். ஒண்ணு அவருக்கு.”

“அவரு வேதக்காரருடி, சர்ச்சுக்குப் போறவரு!”

“இருக்கட்டுமே.”