அவரைப் பந்தலுக்கு இரண்டு மூங்கில்

இரவு பதினொரு மணி இருக்கும். ஏரியூர்ச் சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... வேறு வண்டியே இல்லை. மல்லையன் மட்டும் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார்.

மல்லையன் யாரென்றால், என் சிநேகிதி சோபனாவின் அக்கா மாதம்மாள் இருக்கிறாளே, அவள் புருஷன். சோபனா சொன்னதைத்தான் சொல்கிறேன். சந்துரு, சிரிப்பதென்றால் வெளியே போய்ச் சிரி... தனியாக.

இடுகாட்டு வளைவில் வண்டி வெளிச்சம் எதன்மேலோ பட்டது. பச்சை மூங்கில். அன்று மாலை பெரியம்மாள் என்கிற கிழவியைத் தூக்கி வந்த பாடை. புதைத்ததும் பாடையை வெட்டி முறித்து அங்கேயே போட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மழை பிடித்துக்கொண்டதால் முறிக்காமலே எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

மல்லையன் வீட்டு அவரைப் பந்தல் அதே மழையில் சாய்ந்து கிடந்தது. நல்ல நேரான மூங்கில்... யார் பார்க்கப் போகிறார்கள்?

பாடையின் இரண்டு நீளக் கழிகளையும் உருவி வண்டியில் கட்டினார். பின்முனை தாரில் உரசிக்கொண்டே வந்தது. சர்ர்ர்... பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது. யாரோ பின்முனையைத் தூக்கிக்கொண்டதுபோல. சாமந்தி வாசனை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தலுக்கு ஊன்றிய கழிகள் தோட்டத்தில் வேர் பிடித்தன. மூங்கில் புதராகத்தானே படரும்? இது படரவில்லை. நடந்தது. இரண்டு வரிசையாக முளை விட்டது, நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலம் விட்டு. நேராக மாதம்மாள் படுக்கும் அறையைப் பார்த்து. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

மல்லையன் முளைகளை வெட்டினார். கிழங்கைத் தோண்டினார். மறுநாள் இன்னும் ஓரடி கிட்டே வந்திருக்கும். கடைசியில் பழைய இரும்புக் கடை ஷுக்கூர் பாயிடம் தகரம் வாங்கப் போனார்.

"என்ன மல்லையா, மூங்கிலுக்கு ஜெயில் கட்டறயா?"

"வூட்டுக்கிட்ட வருதுங்க பாய்."

"வேரோட தோண்டிப் போட்டா தீந்துச்சு."

"தோண்டிட்டனுங்க..."

பாய் அதற்குமேல் சிரிக்கவில்லை.

சுவரோரம் இடுப்பளவு பள்ளம் வெட்டி, தகரத்தைச் செங்குத்தாக நிறுத்தி மண்ணை மூடினார். அன்று ராத்திரி மண்ணுக்கடியில் சத்தம். கிர்ர்... கிர்ர்... தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல. விடிந்து பார்த்தால், தகரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு முளை.

கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். இரண்டு வரிசையும் வீட்டைச் சுற்றி முன்பக்கம் திரும்பின.

"என்னங்க, அது என்னயத் தேடுது."

அப்போதுதான் மல்லையன் உண்மையைச் சொன்னார். மாதம்மாள் திட்டவில்லை. வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"பாடக் கழிய யாராச்சும் வூட்டுக்குக் கொண்டாருவாங்களா?"

அன்றைக்கே அவளைக் கம்பைநல்லூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பிறகு ஒரு வேர் விடாமல் தோண்டி எடுத்து, இடுகாட்டுக்கே கொண்டுபோய் முறித்துக் கொளுத்தினார். டப்... டப்... என்று ஒவ்வொரு கணுவாக வெடித்தது. அதற்கப்புறம் தோட்டத்தில் புல்லைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. நன்றாகப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார்.

"ஒரு மொளகூட இல்ல மாதம்மா. இனிமே பயமில்ல."

"நெசமாவா? காலைல மொத பஸ்ஸுக்கே வந்தர்றேன்."

கம்பைநல்லூர் வீட்டில் தோட்டம் கிடையாது. சுற்றிலும் சிமெண்ட். கதவு உள்தாழ் போட்டிருந்தது. அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

விடியற்காலை மாதம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலைவிட்டு இறங்கக் காலை எடுத்தாள்... வரவில்லை. போர்வையை விலக்கினாள்.

செத்தவர்களுக்குக் கட்டுவார்களே, அதேபோல இரண்டு கால் பெருவிரல்களும் சேர்த்துக் கட்டியிருந்தன. மூங்கில் நார். பச்சையாக, ஈரமாக... அப்போதுதான் உரித்த நார்.