காந்தாவின் கட்டங்களும் பூட்டின ரூமும்

மேடையில இருக்கற தலைவர் தணிகாசலம் அவர்களே, வக்கீல் குமாஸ்தா வரதராஜன் அவர்களே, தறியை நிறுத்திட்டு இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கற அண்ணன்மாரே, அக்காமாரே! வணக்கம். நான் காந்தாவோட புருஷன் ராஜகோபால். இந்த நெசவாளர் சொசைட்டிக்கு டிசைன் வரையறவன். எனக்கு அழுகை வரலை. மெஷின் மாதிரி பேசினா பொறுத்துக்கோங்க.

"சங்கத்தின் விளக்கு அணைந்தது"ன்னு தலைவர் கண்ணைத் துடைச்சிக்கினாரு. அடேயப்பா! எரிஞ்சிக்கினு இருந்தப்ப ஊதி ஊதிப் பார்த்தது யாருங்க?

காந்தா என்ன பண்ணா? நான் கழிச்சுப் போட்ட கிராஃப் பேப்பர்ல குறுக்கெழுத்து போட்டா. வாதி, சம்மன், ஜப்தி, வாக்குமூலம், எல்லாம் கோர்ட்டு வார்த்தை. சனிக்கிழமையானா சொசைட்டி பின்ரூம்ல பொம்பளைங்களை உக்கார வெச்சு, "வழக்குல பதில் சொல்ல வேண்டியவர், அஞ்சு கட்டம்"னு கேப்பா. ஏன்? கோர்ட்டுக் காகிதம்னா படிக்காமலே கையெழுத்து போடற ஊரு இது!

ஒரு தரம் அவ கட்டத்தை என் டிசைன்னு நெனச்சு நம்ம தறிக்கார அர்ஜுனன் அண்ணன் ஜக்கார்டு தறிக்கு ஓட்டை போட்டு அட்டை அடிச்சிட்டாரு. முந்தானையில ரெண்டு விரக்கடை நெய்தும் ஆச்சு! "நல்லாத்தாம்பா இருக்குது"ன்னாரு. தலைவர் என்ன சொன்னாரு? "பொம்பளைக்கு எதுக்குமா கோர்ட்டு வார்த்தை? வாசல்ல கோலம் போடு"ன்னு பேப்பரைக் கிழிச்சாரு. இன்னைக்கு அதே கை மாலை போடுது!

குமாஸ்தா ஐயா, ஏன் தலையைக் குனியறீங்க? சனிக்கிழமை பின்ரூமுக்கு வர்ற பூவம்மா அக்காகிட்ட நீங்க காகிதம் நீட்டினது ஞாபகம் வந்துடுச்சா?

"போடும்மா கையெழுத்து, பஸ் போயிடும்."

"இருங்க, படிச்சிக்கினு இருக்கறேன்."

"நீ என்னா ஜட்ஜா?"

"இல்லீங்க, பிரதிவாதி. அஞ்சு கட்டம்."

அது வீட்டை விட்டுக்குடுக்கறதா எழுதின ராஜி மனு! அக்கா இன்னைக்கும் அதே வீட்லதான் இருக்காங்க.

காமாலை வந்து காந்தா போயிட்டா. காரியம் முடியறதுக்குள்ள பின்ரூமுக்குப் பூட்டு. நூல் மூட்டை வெக்கணுமாம்! அப்புறம் எதுக்கு ரெண்டு நிமிஷ மௌனம்? பூவம்மா அக்கா வீடு கைவிட்டுப் போக இருந்தப்பவே நல்லா மௌனமா இருந்தீங்களே, அது போதாதா?

அவ படத்தைத் திறந்து வெச்சீங்க. எனக்குப் படம் வேணாம், வீட்ல இருக்குது. ரூமைத் திறங்க. சனிக்கிழமை நான் வர்றேன். எனக்கு கோர்ட்டு வார்த்தை அவ்வளவா தெரியாது. கட்டம் போடத் தெரியும். அக்காமாரே, வார்த்தையை நீங்க சொல்லுங்க, நான் போட்டுக்கினே இருப்பேன்.

தலைவரே, சாவி உங்க ஜேப்புலதான் இருக்குது. குடுங்க. அது வந்தப்புறம்தான் இந்த மைக்கை விடுவேன்.