ஆறு நாற்பத்திரண்டுக்கு அணையும் சர்வர்

மாலை ஆறு பத்து. ஜூலை மாதம், விடாத தூறல். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில், கடகோளாவுக்குச் சற்று முன்னால் ஒரு கிளைச் சாலை பிரியும். பகலெல்லாம் லாரி ஓடும். ஆறு மணிக்கு மேல் ஒன்றிரண்டு லாரியைத் தவிர நாய்கூடப் போகாது. இரண்டு பக்கமும் பூட்டிய கம்பெனிகள்... தகரக் கூரைகள்... நடுவில் ஒரே ஒரு பைக்.

ஓட்டியவன் பரத்வாஜ். நம் சைத்ரா இருக்கிறாளே, அவளுடைய சித்தப்பா மகன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது. அவன் சைத்ராவிடம் ஒரே ஒரு முறை சொன்னானாம். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டானாம்.

சின்னச் சின்ன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் தொழில். பத்துப் பன்னிரண்டு ஆபீஸ்கள். அதில் ஒன்று, அந்தச் சாலையின் கடைசியில் இருந்த ஒரு விதைக் கம்பெனி. அங்கே ஒரு சர்வர். கம்பெனியின் எல்லா விவரமும் அதற்குள்தான். அது ஒன்பது நாளாகத் தானாக அணைந்துகொண்டிருந்தது. தினமும் மாலை. ஆறு நாற்பத்திரண்டுக்கு. சாயங்காலம் ஏற்ற வேண்டிய லாரிகள் சீட்டு அடிக்க முடியாமல் வாசலிலேயே நின்றன.

பரத்வாஜ் செய்யாதது இல்லை. யுபிஎஸ்ஸை மாற்றினான். உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினான். தூசி தட்டினான், சூடு அளந்தான், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அப்புறம், சர்வர் தனக்குத்தானே எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்தான். மின்சாரக் கோளாறு என்று அதில் இல்லை. சூடு என்றும் இல்லை. ஒன்பது நாளும் ஒரே வரி.

பவர் பட்டன் அழுத்தப்பட்டது.

யாரோ அழுத்துகிறார்கள். சரி, யார்? அறையில் ஒரு கேமரா உண்டு. ஆனால் அதன் படமும் அதே சர்வரில்தான் பதிவாகும். சர்வர் போனால் கடைசி சில நிமிடப் படமும் போகும். ஒன்பது படங்களிலும் கடைசியில் தெரிந்தது காலி அறை. அதற்குப் பிறகு கருப்பு.

அந்த நேரத்தில் அந்த அறைக்குள் போய்வருகிற ஆள் ஒருத்திதான். அஞ்சலை. ஹனூர் பக்கம் மார்டள்ளிக்காரி, புருஷனோடு கட்டட வேலைக்கு மைசூர் வந்தவள். அவன் தவறிய பிறகு இங்கே கூட்டித் துடைக்கிற வேலை. ஆறரைக்கு அந்த அறையைக் கூட்டுவாள். மேனேஜர் தாரணி மேடம் அதிகம் யோசிக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தப்பு மிஷின் மேலா, அவள் மேலா என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதிக் கொடுக்கும்படி பரத்வாஜிடம் கேட்டார்.

அது புதன்கிழமை, ஒன்பதாவது தடவை அணைந்த மாலை. அஞ்சலை கேட்டில் அவனுக்காகக் காத்திருந்தாள். அழவில்லை.

"கூட்டறதோட செரிங்க சார். அந்தப் பொட்டி மேல என் கை பட்டதே இல்லீங்க. நீங்க எழுதறதுலதான் இருக்குது."

இவன் தலையாட்டினான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்... பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஊருக்குப் போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதனால்தான் வியாழக்கிழமை மாலை அந்தப் பைக்.

கேட்டில் வாட்ச்மேன் கெம்பையன் மட்டும். அன்று லாரி வேண்டாம் என்று தாரணி மேடம் சொல்லியிருந்ததால் ஆபீஸ் காலி. சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டான். ஜன்னல் கிடையாது அந்த அறைக்கு. ஒரு டியூப் லைட், ஏசியின் முனகல், விசிறிகளின் ஒரே மாதிரியான ரீங்காரம். சர்வரின் மூடியைத் திறந்து, முன்பக்க பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் உள்ளே பலகையிலிருந்து கழற்றிவிட்டான். இனி அது வெறும் பிளாஸ்டிக். எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆறு நாற்பத்திரண்டுக்கு அணையாமல் இருந்தால் பட்டனில் கோளாறு. அணைந்தால் பலகையில் கோளாறு. எப்படியானாலும் மிஷின் மேல் எழுதிக் கொடுக்கலாம், அஞ்சலை தப்பித்தாள். மூடியை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

ஆறு முப்பது... ஒன்றுமில்லை. கைப்பேசியை எடுப்பான், வைப்பான். எழுந்து தாழைத் தொட்டுப் பார்ப்பான். மறுபடி உட்காருவான்.

ஆறு முப்பத்தொன்பது. முதலில் வந்தது வாடை.

அவனுக்கு அது தெரிந்த வாடை. முதல் வேலை ராமநகரத்தில், பட்டுக்கூட்டுச் சந்தையில் கம்ப்யூட்டர் மாட்டுகிற வேலை. பக்கத்திலேயே பட்டு நூல் எடுக்கும் கொட்டகைகள். கூடுகளைக் கொதிநீரில் போட்டு, புழு வெந்துகொண்டிருக்கும்போதே நூலை இழுப்பார்கள். அந்த வாடை... ஒரு தடவை மூக்கில் ஏறினால் மூன்று நாள் போகாது. ஏசி ஓடும் அறையில், சாத்திய கதவுக்குள், அதே வாடை. கூடவே ஈரச்சூடு. அவன் கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

ஆறு நாற்பத்திரண்டு.

டக்.

அவன் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது உள்ளே போயிற்று. வெளியே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுபடி, டக். இம்முறை உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை. நாலு நொடி, ஐந்து நொடி... யாரோ விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி. பட்டனைச் சுற்றி ஈரம் படர்ந்தது. அந்த ஈரத்தில் ஒரு விரல் ரேகை. வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல்.

டக். டக். டக் டக் டக்...

வேகம் கூடியது. எண்ணுவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது. தொந்தரவு கொடுக்கிற ஆள் அப்படி அழுத்த மாட்டான் என்று பரத்வாஜுக்கு அப்போது தோன்றியதாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்று தவிக்கிறவர்தான் அப்படி அழுத்துவார். பதறிப் பதறி, நிற்கவில்லையே, நிற்கவில்லையே என்று. ஒயரைக் கழற்றி வைத்தவன் இவன். பின்பக்கம் போகும் மின்சார ஒயரை ஒரு இழு இழுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். கை எட்டுகிற தூரம்தான். கை எழவில்லை.

விசிறியின் சத்தம் மாறியது.

கர்ர்ர்... எதையோ உள்ளே இழுத்துச் சுற்றுகிற சத்தம். இழுக்க இழுக்கக் கனமாகி, திணறி... அதோடு சேர்ந்து ஒரு மூச்சு. அலறல் இல்லை, மூச்சு. அலறுவதற்காக உள்ளே இழுத்த மூச்சு.

அது வெளியே வரவேயில்லை.

பட்டன் நின்றுவிட்டது. அறை அமைதியாகிவிட்டது. அப்போதுதான் அவன் கை அசைந்தது. ஒயரைப் பிடுங்கினான். சர்வர் செத்தது.

மூடியைத் திறக்காமல் ஓடி வந்திருக்கலாம். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை என்றானாம். உள்ளே, நடு விசிறியில், முடி. பெண்பிள்ளையின் தலைமுடி, முழங்கை நீளம். விசிறியின் நடுவில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. ஈரமாக இருந்தது. தொட்டான், வெதுவெதுப்பாக இருந்தது. வெட்டுப்பட்ட முடி இல்லை. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் வேர் இருந்தது.

கேட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. கெம்பையன் எதுவும் கேட்காமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு, இந்தக் கட்டடம் முன்னே என்னவாக இருந்தது என்று விசாரித்தான். கெம்பையன் கன்னடத்தில் சொன்னார். பட்டு நூல் ஃபேக்டரி. இருபது இருபத்தைந்து வருஷமாயிற்று மூடி. ஏன் மூடினார்கள் என்று கேட்டதற்கு, ஒரு சாயங்காலம் நிற்க வேண்டிய நேரத்தில் மிஷின் நிற்கவில்லை என்றார். மழை வலுக்கப் போகிறது, கிளம்புங்கள் என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், ஆபீஸ் முழுக்க ஆட்கள் இருக்கும்போது பரத்வாஜ் திரும்பப் போனான். விசிறியைப் புதிதாக மாட்டினான். பட்டனின் இரண்டு ஒயர்களையும் முதல் வேலையாக இருந்த இடத்திலேயே சேர்த்தான். தாரணி மேடத்துக்கு எழுதிக் கொடுத்தான். கோளாறு மிஷினில்தான், யார் மேலும் தப்பில்லை. பழைய மிஷின், ஓய்வு தேவை; தினமும் மாலை ஆறரை முதல் ஏழு வரை முறையாக நிறுத்தி வைக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓய்வு கேட்கிற சர்வரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றாராம். ஆனாலும் லாரி ஏற்றும் நேரத்தை ஆறரைக்கு முன்னால் மாற்றினார். அஞ்சலையைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு நாள்கூட அது தானாக அணையவில்லை.

பரத்வாஜுக்கும் அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து, பிரிண்டர் ஒன்று வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். காலை நேரம்தானே என்று போனான். சர்வர் அறை வாசலில் அஞ்சலை துடைத்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். இப்போதெல்லாம் அந்த அறையைக் காலையில்தான் கூட்டுகிறாளாம். இவன் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு கேட்ல ஏதோ சொல்ல வந்தீங்க. என்ன அது?"

அவள் ஈரத்துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள்.

"சொன்னா நம்புவீங்களோ என்னமோன்னு உட்டுட்டனுங்க. பட்டன அமுக்கறவங்க இப்ப வர்றதில்லீங்க. நீங்க நிறுத்த ஆரம்பிச்சதுல இருந்து வர்றதில்ல. பாவம், அவங்களுக்கு அது போதும் போல."

பரத்வாஜுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்ததாம். கிளம்பத் திரும்பினான்.

"இன்னொருத்தி இருக்கறாளுங்களே," என்றாள் அஞ்சலை. "பொட்டிக்குப் பின்னால, தலையச் சாச்சபடியே உக்காந்துட்டு. அவ போகலீங்க. நான் கூட்டப் போறப்பெல்லாம் ஒன்னே ஒன்னுதான் கேக்கறா. மிசினு நின்னுருச்சான்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நின்னுருச்சு கண்ணு, எந்திரின்னுதான் சொல்றனுங்க."

அவள் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டாள்.

அப்போது காலை பத்தரை. சாத்திய கதவுக்குப் பின்னால் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.