கதைகளுக்கும் சீட்டு ஒட்டிய மெர்சி அம்மையாருக்கு

கலப்படமில்லாத கருத்து ஒன்றின் விலை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள நம் வால்வு ஆலையின் கேன்டீனில், நேற்று மாலை நிலவரப்படி, சர்க்கரை கம்மியாக ஒரு டீ. இந்த விலையில் எவரும் பேரம் பேசியதில்லை. பேசியிருந்தால், டீயையும் வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு கருத்தைச் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பியிருப்பார்.

அத்தகைய அரிய சரக்கை அள்ளி அள்ளி அளித்த அம்மையே! அளவுகோல் கொண்டு இரும்பையும், அரைக்கண்ணாடி வழியே இலக்கியத்தையும் அளந்த ஆய்வரசியே! பொன்னேரியில் ஏறும் புகைவண்டியில் நிற்க இடம் கிடைத்தால் சிறுகதையும், உட்கார இடம் கிடைத்தால் நாவலும் படித்து முடித்த பெருந்தகையே! தர ஆய்வுப் பிரிவின் மேற்பார்வையாளர் திருமதி மெர்சி பாக்கியநாதன் அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளில், இரண்டு ஷிஃப்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கும் இந்தப் பிற்பகலில், வேலை முடித்த பாதிப்பேரும் வேலை தொடங்காத மீதிப்பேரும் கூடி நின்று வணங்குகிறோம். மடல் படிக்கும்போது கூட்டத்தில் எங்கேனும் கொட்டாவி எழுந்தால், அது மரியாதைக் குறைவு அன்று, நேற்றைய ஓவர்டைம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் மேசையைத் தாண்டாமல் இந்த ஆலையின் வாசலைத் தாண்டிய வால்வு இல்லை. சரியானதற்குப் பச்சைச் சீட்டு, திருத்த வேண்டியதற்கு மஞ்சள் சீட்டு, தேறாததற்குச் சிவப்புச் சீட்டு என்று தாங்கள் ஒட்டியவை எத்தனை இலட்சமோ, யாரறிவார்! முதலாளியின் மைத்துனர் பரிந்து பேசிய சரக்கிலும் சிவப்பு ஒட்டிய கை அது. அந்தக் கையே, நலவாழ்வு அறையின் இரண்டு இரும்பு அலமாரிகளில் நம் பிள்ளைகளுக்கென்று புத்தகம் சேர்த்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல், கல்யாண வயதுக்குக் கீழ் என்று தாங்கள் வகுத்த அந்த வாசகர்களுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கும் முன்னும், தாங்களே முதல் வரி முதல் பின்னட்டை விலை வரை படித்து, முதுகில் ஒரு சீட்டு ஒட்டிய பிறகே வெளியே விட்டீர்கள். வால்வுக்கு ஒரு நியாயம், நாவலுக்கு ஒரு நியாயம் என்ற வஞ்சகம் தங்களிடம் இருந்ததில்லை.

தங்களுக்குப் பிடித்த நூல்கள் மூன்று என்பது ஆலை முழுதும் அறிந்த செய்தி. முன்னட்டையும் பின்னட்டையும் உதிர்ந்து பெயரே தொலைந்துபோன படகோட்டிக் குடும்பத்துக் கதை ஒன்று. தவக்காலத்தில் கறியை விடுவீர்கள், அதை விடமாட்டீர்கள். லாரி ஓட்டும் கணவனோடு வடக்கே சுற்றிய பெண்ணொருத்தியின் பயண நூல் இன்னொன்று. அதில் வரும் எல்லா ஊர்ச் சாப்பாட்டையும் தாங்கள் குறை சொல்லலாம். நாங்கள் ஒரு பக்கத்தைக் குறை சொன்னால் அன்று எங்கள் சரக்குக்கு மஞ்சள் சீட்டு நிச்சயம். மூன்றாவது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தோற்றுக்கொண்டே போகும் ஒரு பள்ளிக் கபடிக் குழுவின் கதை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டபோது தாங்கள் சொன்ன மறுமொழி மறக்கத்தக்கதன்று: “கடசி வரைக்கும் தோக்குதுங்கோ. அப்பவும் மறுநாள் பிராக்டீஸுக்கு வந்து நிக்குதுங்கோ. நம்ம ஆளுங்க மாதிரி.”

அண்மைக் காலத்து இளையோர் நாவல்களின்பால் தங்களுக்கு இருந்த பொறுமை, அவற்றின் ஆசிரியர்களுக்குக் கிடைத்தற்கரிய பேறு. அவர்கள் அதை அறியாதது அவர்கள் பேறு. வானில் பறக்கும் பெண்ணைப் பற்றிய மூன்று பாகக் கதையை முடித்துவிட்டுத் தாங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சொன்னீர்கள்: “எல்லாப் புள்ளையும் ஒலகத்தக் காப்பாத்துது. ஒண்ணும் ஏனம் கழுவ மாட்டேங்குது. இந்தப் பொண்ணுக்குப் பசியே எடுக்கலபா. இத்தினி பக்கத்துல ஒரு நாஷ்டா கூட இல்ல.” மஞ்சள். பரீட்சைப் பயிற்சி விடுதியைப் பற்றிய கண்ணீர்க் காவியத்துக்கு: “அழ வெக்கிறதுக்குன்னே எழுதிக்கினுகிறான். அதுக்கு நா வெங்காயம் வாங்கிக்கிறேன்.” அதுவும் மஞ்சள். கைபேசிக்குள் பேய் குடியிருக்கும் கதைக்கு மட்டும், எங்கள் அனைவர் எதிர்பார்ப்புக்கும் மாறாக, பச்சை. “பேய வுடு. அந்தப் பொண்ணு சார்ஜ் போட மறந்துட்டு அம்மா மேல எரிஞ்சி வுழுறா பாரு, அது நெசம்.”

ஏரிக்கரை மீனவச் சிறுமி ஒருத்தியின் கதைக்குத் தாங்கள் பச்சை ஒட்டப் போனபோது, பழவேற்காட்டிலிருந்து வந்து போகும் லேத் பிரிவுச் சேகர் குறுக்கே விழுந்தார். “மேடம், இத எழுதினவன் வலையப் படத்துலதான் பாத்துகிறான். எறா சீசன்ல எவன் ஊட்ல ஒக்காந்து கவித சொல்றான்?” தாங்களோ, “கவித சொல்றதுக்கு சீசன் இன்னாடா?” என்று கேட்டுப் பச்சையையே ஒட்டினீர்கள். சேகர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

இத்தனை கறாரான தங்களுக்கும் ஒரு பிசகு நேர்ந்தது. இந்த ஆலையில் மட்டுமே நேரக்கூடிய பிசகு. தொழிலாளி ஒருவரின் சீருடையைப் பார்த்து வெட்கப்படும் மகளைப் பற்றிய நாவல் அது. கடைசி அத்தியாயத்தில் மகள் மன்னிப்புக் கேட்கிறாள், அப்பா அழுகிறார், மழை பெய்கிறது. “மன்னிப்பு இவ்ளோ சீப்பா எந்தக் கடையில கெடைக்குது?” என்று வெகுண்டு, அலமாரி வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு புத்தகத்தின் முதுகில் சிவப்புச் சீட்டை ஒட்டி, அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். திரும்பி வந்தால் புத்தகம் இல்லை. சிவப்புச் சீட்டு கண்ட பொருள் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இங்கே சட்டம். துப்புரவுப் பிரிவின் சின்னராசு சட்டத்தைக் காப்பாற்றியிருந்தார். தாங்கள் சத்தம் போட்டபோது அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “மேடம், செவப்பு ஒட்னா கேள்வி கேக்காம தூக்கினு போவணும்னு மீட்டிங்ல சொன்னதே நீங்கதான?”

சட்டம் தங்களுடையதே. அதைவிடப் பெரிய சங்கடம், அசெம்பிளிப் பிரிவு அன்புவின் மகள் புவனேஸ்வரி சீட்டு ஒட்டும் முன்பே அறையில் உட்கார்ந்து பாதி படித்திருந்த அந்தக் கதையை, நான் முடித்துவிட்டு ஒரு வாரத்தில் தருகிறேன் என்று தாங்களே அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தது. ஆகவே கொள்முதல் பிரிவுப் பரணிதரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் வெங்கடேசனின் அந்தப் பழைய இரும்புக் கடைக்கு நடந்தீர்கள். “மேடம், நீங்க வாயத் தெறக்காதீங்க, வெல நா பேசிக்கிறேன்” என்று பரணிதரன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடை வாசலில் கால் வைத்ததும் தாங்கள் சொன்ன முதல் வாக்கியம்: “அந்தப் புக்கு இல்லாம நா போவ மாட்டேன்.” வியாபாரத்தில் இதைவிட விலை உயர்ந்த வாக்கியம் கிடையாது. வெங்கடேசன் ஒரு சிரிப்புச் சிரித்தார்: “ஒத்தப் புக்கெல்லாம் குடுக்கறதில்லமா. மூட்டையாத்தான்.” தாங்கள் வெறுத்த ஒரு புத்தகத்துக்காக, யாருடையவோ பழைய வருமானவரி விளக்கக் கையேடுகள் நிறைந்த மூட்டையொன்றை முழுசாக வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்தீர்கள். பரணிதரன் அன்றிலிருந்து தங்களோடு கடைக்குப் போனதில்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அது வெறும் வேடிக்கை. புவனேஸ்வரி வந்தாள், மீதியைப் படித்தாள், திருப்பித் தர அப்பாவோடு நலவாழ்வு அறைக்கு வந்தபோது தாங்கள் கேட்டீர்கள்: “சொல்லு, நா ஒட்னது தப்பா?” அவள் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அப்பா அழறது பொய்தான் ஆன்ட்டி. ஆனா அந்தப் பொண்ணு பஸ்ல அவங்கப்பாவத் தெரியாத மாதிரி திரும்பி நிப்பா பாருங்க, அது பொய் இல்ல.” பக்கத்தில் நின்ற அன்பு சட்டைப்பையில் எதையோ தேடினார். பையில் ஒன்றும் இல்லை. இதைச் சபையில் படிக்கலாமா என்று அவரைக் கேட்டோம். “படிங்கபா. எல்லார் ஊட்லயும் நடக்கறதுதான்” என்றார்.

தாங்கள் அன்று வாதாடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து நீலச் சீட்டு ஒன்றை எடுத்தீர்கள். அளவில் பிசகிய பாகமாயினும் ‘எனக்கு இது ஆகும்’ என்று வாங்குபவர் கையெழுத்திட்டால் அதை அனுப்பலாம். அதற்குரிய சீட்டு அது. ஆலை மொழியில் டீவியேஷன். சிவப்பைக் கிழித்து நீலத்தை ஒட்டி, பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினீர்கள். “கஸ்டமரு நீதான். போடு கையெழுத்த.” அன்று தொடங்கிய வழக்கம்! அதன் பிறகு தங்களுக்குப் பிடிக்காத எந்தப் புத்தகமும் அலமாரியை விட்டுப் போகவில்லை. தங்களை மறுத்த ஒரு பிள்ளையின் கையெழுத்தைத் தாங்கி நின்றது. நம் வீடுகளில் பெரியவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னால் என்ன நடக்கும் என்பது இங்குள்ள எல்லார் முதுகுக்கும் தெரியும். மறுசொல் சொன்னவர் பெயரைக் கேட்டு எழுதிவைத்த பெரியவர் தாங்கள் ஒருவரே!

பெருமாட்டி! விடைபெறும் தங்களுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கத் தீர்மானித்து, பரணிதரன் பாதி விலைக்குப் பேசியும் முடித்திருந்தார். தாங்கள் மறுத்துவிட்டீர்கள். “விளக்கு ஊட்ல கீது. எனக்கு ஒண்ணே ஒண்ணு. நா போனப்புறம் போர்டுல ஒரு பேரு எழுதுங்க.”

இந்த ஆலையில் எந்திரம் முதல் தீயணைப்பு வாளி வரை ஒவ்வொன்றுக்கும் சுவர்ப் பலகையில் ஒரு பொறுப்பாளர் பெயர் உண்டு. பெயரில்லாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. இரு அலமாரிகளுக்கும் எதிரே இருக்கும் தங்கள் பெயர் இன்று அழிக்கப்படுகிறது. வேறொரு பெயர் வராவிட்டால் திங்கட்கிழமை அலமாரிகளும் உள்ளிருப்பவையும் வெங்கடேசன் கடைக்குப் போகும். மனிதவளப் பிரிவின் ஷைனி விதியை மறைக்கவில்லை: “ரூல்ஸ நா மாத்த முடியாது. பேரு குடுங்க, நானே எழுதறேன்.”

கேட்ட நாள் முதல் நாங்கள் தலைகுனிந்தே நடந்தோம். புத்தகத்தின் மேல் வெறுப்பில்லை, அம்மையே! உடம்பில் தெம்பில்லை. திருநின்றவூருக்கும் வேப்பம்பட்டுக்கும் போய்ச் சேர்வதற்குள் பொழுதே சேதாரமாகிவிடுகிறது. “பழவேற்காட்டுப் பஸ்ஸு என் பேச்சக் கேட்டு நிக்காது” என்றார் சேகர். “ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சா என் பேரே எனக்கு நெனப்பு இல்ல, போர்டுல இன்னாத்த எழுதறது?” என்றார் அன்பு. தாங்கள் மறுபடியும் கேட்கவில்லை. தினமும் அந்தப் பலகையைக் கடக்கும்போது சுவரின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனீர்கள். அதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

முந்தாநாள் சின்னராசு ஷைனியின் மேசைமுன் போய் நின்றார். “திங்கக்கெழம அத தூக்கறது என் வேல. மாட்டேன்னு சொன்னா மெமோ குடுப்பீங்க. அதனால என் பேர எழுதுங்க. என் பொருள நானே எப்டி தூக்குவேன்?” ஷைனி பேனா எடுத்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “செவ்வாக்கெழம மட்டும். மத்த நாள் ஆவாது. இடுப்பு.”

ஒரு பெயருக்கு இடமிருந்த கட்டத்தில் ஷைனி ஆறு கோடு கிழித்தார். திங்கள் முதல் சனி வரை ஆளுக்கு ஒருநாள் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாதத்தில் எத்தனை ஓவர்டைம் போகும் என்று மனக்கணக்குப் போட்டோம். பிறகு ஒவ்வொருவராகப் போனோம்.

ஆகவே அம்மையீர், முழங்கால் வலி முறையிடாமல், கண்ணாடியின் பவர் கூடாமல், ஜன்னலோர இருக்கை தவறாமல், முன்பே ஓய்வு பெற்றுப் பொன்னேரி வீட்டில் தங்களுக்காகக் காத்திருக்கும் பாக்கியநாதன் ஐயாவுடன் வளமும் நலமும் பொருந்தி நெடுங்காலம் வாழ்க! வரவிருக்கும் நாவல்களெல்லாம் தங்களுக்கு அஞ்சியேனும் நன்றாக எழுதப்படுக! பலகையில் ஓரிடம் காலியாக இருப்பது தங்கள் கண்ணுக்குத் தப்பாது என்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டு ரயிலேறி வந்துவிட வேண்டாம். அது எங்கள் கடன்; நாங்களே அடைக்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
ஆலையின் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், அலுவலர்

பலகையில் இன்றைய நிலவரம்:
திங்கள் – அன்பு
செவ்வாய் – சின்னராசு
புதன் – சேகர் (பஸ்ஸுக்கு முன்னால் மட்டும்)
வியாழன் – ஷைனி
வெள்ளி – பரணிதரன்
சனி – பாக்கி